கிமோனோ, யூசென் சாயம்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

கேள்வி: அக்கா, கிமோனோ பூவைச் சுத்தி மெல்லிசா வெள்ளைக் கோடு வருதே, அது பெயிண்டா?

பதில்: பெயிண்ட் இல்லப்பா, அங்க சாயம் ஏறவே இல்ல, க்யோட்டோ யூசென்ல, அதாவது ஜப்பான் க்யோட்டோ ஊர்ல பசையும் சாயமும் வச்சு துணில படம் போடுற வேலைல, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அந்தக் கோடுதான். முதல்ல ஆவோபானாங்கிற பூவோட நீலச் சாறுல படம் வரைவாங்க, அது தண்ணி பட்டா போயிடும். அந்தக் கோட்டு மேலயே ஒட்டரிசி மாவுப் பசைய மெஹந்தி கோன் மாதிரி ஒண்ணுல வச்சு பிழிஞ்சுக்கிட்டே போவாங்க, பக்கத்துப் பக்கத்து கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம அதுதான் தடுக்கும், அப்புறம் பிரஷ்ல கலர் கொடுத்து, பூவ முழுசா பசையால மூடி, பின்னணிக் கலர் அடிச்சு, ஆவி காட்டி அலசினா பசை இருந்த இடம் வெள்ளையா நிக்கும். 17ம் நூற்றாண்டு கடைசில விசிறிக்குப் படம் வரைஞ்ச மியாசாகி யூசென்சாய் பேர்தான் இதுக்கு.

கேள்வி: அந்தப் பசைய இன்னமும் ஆத்துலதான் அலசுறாங்களா?

பதில்: முன்னாடி க்யோட்டோவுல ஓடுற கமோ ஆத்துல அலசினாங்க, இப்ப பெரும்பாலும் தொட்டிதான்.

கேள்வி: காகா யூசென்ல இலையில ஓட்டை இருக்கு, டேமேஜா மேடம்?

பதில்: ஐயோ இல்லங்க! கனசாவா ஊர் ஸ்டைல் அது, பூச்சி அரிச்ச இலைய வேணும்னேதான் வரைவாங்க. தங்க இழை, எம்ப்ராய்டரி எதுவும் பெருசா சேர்க்க மாட்டாங்க, சாயத்த மட்டுமே நம்பி நிக்கிற வேலை, அதனாலேயே எனக்கு அது மேல தனி மரியாதை.

கேள்வி: தையலத் தாண்டியும் டிசைன் உடையாம எப்படி ஓடுது?

பதில்: சூப்பர் கேள்வி. கிமோனோ துணி அகலம் 38 செ.மீ. சுமார்தான். விசேஷ கிமோனோன்னா முதல்ல சும்மா ஓட்டுத்தையல் போட்டு, அது மேல படம் வரைஞ்சு, தையலப் பிரிச்சு சாயம் போட்டு, திரும்பத் தைப்பாங்க. அவ்ளோ வேலை இருக்கிறதாலதான் விலையும் அப்படி, அத அநியாயம்னு சொல்லாதீங்க.

கேள்வி: நம்ம மதுரை சுங்குடியும் ஜப்பானோட ஷிபோரி சாய வேலையும் ஒண்ணா?

பதில்: அடிப்படை ஒண்ணுதான், துணிய முடிஞ்சு சாயத்துல முக்குறது. ஜப்பான்ல நகோயா பக்கம் அரிமாட்சுங்கிற ஊர்ல 1608லேர்ந்து ஊரே இந்த வேலைதான் பார்த்துச்சு, கட்டுற விதம் மட்டுமே அங்க ஏகப்பட்டது இருக்கு.

கேள்வி: எனக்கு கல்யாணம் ஆயிடுச்சு, ஜப்பான் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு நீளக் கை ஃபுரிசோடே கிமோனோ போடலாமா?

பதில்: வேண்டாம்மா, அது கல்யாணமாகாத பொண்ணுங்களுக்கு. ஹோமோங்கிங்கிற விசேஷ கிமோனோ போடுங்க. முன்பக்கம் மடிக்கும்போது உங்க இடது பக்கம் மேல வரணும், வலது மேல வந்தா அது இறந்தவங்களுக்கு உடுத்துற முறை.