கையால் ஓடுது, கிரானில் ஓடலை

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பில் போடும் மென்பொருள், உபுண்டு மேல் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஓடும் விண்டோஸுக்குள் இருக்கிறது. இரவு 10 மணிக்கு அந்த விண்டோஸ் முழுவதையும் பேக்கப்பாக ஒரே ஓவிஏ கோப்பில் எடுக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். கையால் ஓட்டினால் ஓடுகிறது. சுடோ போட்டு கிரான்டேப்பில் (குறித்த நேரத்தில் கிரான் தானாக ஓட்டவேண்டியவற்றின் பட்டியல்) வைத்தால் கோப்பே வரவில்லை. பென்டிரைவுக்கு எடுத்தால் 4 ஜிபியில் நின்றுவிடுகிறது. விண்டோஸை நிறுத்த பவர்ஆஃப் கட்டளை போடலாமா?

— வாசகர், காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பவர்ஆஃப் போடவே போடாதீர்கள். ஓடுகிற கணினியின் வயரைப் பிடுங்குவதும் அதுவும் ஒன்றுதான். யாராவது பாதி பில்லைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், கெட்டுப்போன டேட்டாதான் பேக்கப்பிலும் ஏறும்.

விர்ச்சுவல்பாக்ஸின் கன்ட்ரோல்விஎம் கட்டளையில் ஏசிபிஐபவர்பட்டன் கொடுங்கள். பெட்டியின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தியதுபோல் விண்டோஸ் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அது மூடி முடியும்வரை இந்தக் கட்டளை காத்திருக்காது. அடுத்த வரியிலேயே எக்ஸ்போர்ட் இருந்தால், கணினி இன்னும் ஓடுகிறது என்று பிழை வரும். ஆகவே 10 விநாடிக்கு ஒருமுறை நிலையைக் காட்டும் ஷோவிஎம்இன்ஃபோ கட்டளையை மெஷின்ரீடபிள் தெரிவோடு ஓட்டி, விஎம்ஸ்டேட் பவர்ஆஃப் ஆகிவிட்டதா என்று பாருங்கள். 30 முறை பார்த்தும் ஆகவில்லையென்றால், லாகில் எழுதிவிட்டு எக்ஸ்போர்ட் செய்யாமல் வெளியேறட்டும். பெரும்பாலும் உள்ளே ‘சேமிக்கவா?’ பெட்டி திறந்திருக்கும். அல்லது விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் பட்டனுக்கு ஸ்லீப் என்று இருக்கும். அதை ஷட்டவுன் ஆக்குங்கள்.

கிரான் விஷயம் எளிது. விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருக்கும் கணினிகளின் பட்டியல் ஒவ்வொரு பயனருக்கும் தனி. சுடோ போட்டால் அது ரூட்டின், அதாவது நிர்வாகிப் பயனரின், கிரான்டேப். ரூட்டின் பட்டியலில் உங்கள் விண்டோஸே கிடையாது. சுடோ இல்லாமல், விண்டோஸை உருவாக்கிய அதே பயனரின் கிரான்டேப்பில் வையுங்கள். இந்தக் கட்டளைகளையெல்லாம் ஓட்டும் விபாக்ஸ்மேனேஜுக்கு முழுப் பாதையையும் எழுதுங்கள். தேதியைக் கிரான்டேப் வரியிலேயே எழுதினால், தேதி வடிவத்தில் வரும் சதவீதக் குறியைக் கிரான் வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். ஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. கோப்புப் பெயரில் தேதி கட்டாயம் வேண்டும், அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால் எக்ஸ்போர்ட் மறுத்துவிடும்.

4 ஜிபி என்பது, பென்டிரைவில் இருக்கும் ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்புக்கான எல்லை. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு மிஞ்சும். அதனால் முதலில் அதே டிரைவில் ஒரு தற்காலிக ஃபோல்டருக்குள் எடுத்து, கட்டளை 0 திருப்பினால், அதாவது வெற்றியாக முடிந்தால் மட்டும் பேக்கப் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். மேனிஃபெஸ்ட் தெரிவையும் சேருங்கள். இம்போர்ட்டின்போது கோப்பு சிதைந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். ஸ்னாப்ஷாட்டுகள் (முன்பு சேமித்துவைத்த பழைய நிலைகள்) ஓவிஏவுக்குள் வராது, இப்போதைய நிலை மட்டும்தான் வரும்.

ஸ்கிரிப்டின் தலையில் செட் -இ (பிழை வந்தால் அங்கேயே நிறுத்தும் வரி) இருக்கிறதா? இருந்தால் எக்ஸ்போர்ட் தோற்றவுடனே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். காலையில் பட்டறை திறக்கும்போது விண்டோஸ் அணைந்தே கிடக்கும், பில் போட முடியாது. விண்டோஸை மறுபடி எழுப்பும் ஸ்டார்ட்விஎம் வரியை, ஸ்கிரிப்ட் எப்படி முடிந்தாலும் ஓடும் டிராப் எக்ஸிட்டில் வையுங்கள்.

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் இம்போர்ட் செய்து, கடைசி பில்லைத் திறந்து பாருங்கள். இம்போர்ட்டில் கீப்ஆல்மேக்ஸ் தெரிவு கொடுக்காவிட்டால் மேக் முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) மாறி, ரௌட்டர் வேறு ஐபி கொடுத்துவிடலாம். அந்தத் தெரிவைக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி என்பதால், அசல் விண்டோஸ் அணைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் திறக்கவேண்டும்.