அடுப்படியில் வாசிப்பது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஈரோட்டில் நாங்கள் 8 பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசி வந்தோம். ஆள் குறைந்துகொண்டே போனதால், எங்கள் வீட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றேன். ஆள் சேர்ந்துவிட்டது. ஆனால் முதல் தடவை பிரியாணி செய்தோம், பேச்சு முழுக்க சீரகச் சம்பாவா பாசுமதியா என்றே போனது. அடுத்த தடவை ஆண்கள் ஹாலில் உட்கார்ந்து நாவலைப் பேசினார்கள், பெண்கள் மூன்று பேரும் அடுப்படியில் நின்றோம். பாதிப் பேர் புத்தகத்தைப் படிக்காமலே வருகிறார்கள். சமையலை விட்டுவிடலாமா? அசைவம் செய்யலாமா என்று வேறு கேட்கிறார்கள். (என் பெயர் வேண்டாம்.)

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

சமையலை விடவேண்டாம். கொஞ்ச நாளைக்கு நாவலை விடுங்கள்.

400 பக்க நாவலும் பிரியாணியும் ஒரே மதியத்தில் நடக்காது. அதற்குப் பதிலாகச் சங்கப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். படிக்காமல் வந்தவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து படித்துக்கொள்ளலாம், சாக்குச் சொல்ல வழியில்லை.

முதல் கூட்டத்துக்குக் குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. புதுசாகக் கல்யாணம் ஆன பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலித்தாய், பெண்ணைப் பெற்றவளிடம் சொல்கிறாள். கட்டித் தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தச் சேலையை மாற்றாமலே நிற்கிறாள் பெண். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. தானே துழாவிச் சமைத்த ‘தீம்புளிப் பாகரை’, அதாவது இனிய புளிப்புக் குழம்பை, கணவன் ‘இனிது’ என்று சாப்பிட, அவள் முகம் ‘நுண்ணிதின்’, அதாவது வெளியே அதிகம் தெரியாமல், மகிழ்ந்தது. இவ்வளவுதான் பாட்டு, 6 அடி.

அந்தப் பாகரை இன்றைய மோர்க்குழம்புக்குப் பக்கத்தில் வைக்கலாம். அதைச் செய்யுங்கள். மிளகாய் மட்டும் வேண்டாம், அது போர்ச்சுகீசியர் வழியாக வந்த சரக்கு. மிளகுக் காரம் போதும். அரைத்த அரிசி விழுதைச் சேர்த்துச் சின்னத் தீயில் வைத்து, நுரை கட்டியதும் இறக்கிவிடவேண்டும். கொதிக்க விட்டால் திரிந்துபோகும். அதனால் ஒருவர் அடுப்பை விட்டு நகராமல் துழாவிக்கொண்டே நிற்கவேண்டும். அந்த ஒருவர், போன தடவை ஹாலில் அதிகம் பேசியவராக இருக்கட்டும். தாளிப்பும் அவரே செய்யட்டும், எக்ஸாஸ்ட் ஃபேன் போடாமல்.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பாட்டை இனிமையான குடும்பச் சித்திரமாகவே பலரும் படித்துவிட்டுப் போகிறார்கள். அது இனிமையானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கணவனுக்குப் பாட்டில் இருப்பது சாப்பிடுவதும் ‘இனிது’ என்ற ஒரு சொல்லும்தான். மற்ற வேலையெல்லாம் அவளுடையது. கண்ணில் புகையோடு அரைமணி நேரம் நின்றவர் அந்த 6 அடியைத் திரும்பப் படிக்கும்போது ‘தான்துழந் தட்ட’ என்ற இடத்தில் கட்டாயம் நிற்பார். நீங்கள் அடுப்படியில் நின்று யோசித்த கேள்வியை அவரே கேட்பார். நீங்கள் சண்டை போட வேண்டியிருக்காது.

அப்புறம், எப்போது பேசுவது என்பது முக்கியம். சாப்பிட்ட பிறகு பேசலாம் என்று வைத்தால் யாரும் பேசமாட்டார்கள், தூக்கம்தான் வரும். கீரை ஆயும்போதும் சின்ன வெங்காயம் உரிக்கும்போதும் பேசுங்கள். கையில் வேலை இருந்தால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்கூட வாய் திறக்கிறார்கள். 8 பேர் ஒரு அடுப்படியில் நிற்க முடியாது. ஆய்வது, உரிப்பது, நறுக்குவதையெல்லாம் ஹாலில் பேப்பர் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹால் அடுப்படி என்ற பிரிவினையும் பாதி ஒழியும்.

இரண்டாவது கூட்டத்துக்குப் புறநானூறு 215. எனக்குப் பிடித்தது இதுதான். கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கிறான், அதாவது உண்ணாமல் உயிர்விட உட்கார்ந்துவிட்டான். நண்பர் பிசிராந்தையார் வரமாட்டார் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்ல, வருவார் என்கிறான். சரி, நண்பருடைய பாண்டிய நாட்டை எப்படி அடையாளம் சொல்கிறான்? மலையைச் சொல்வதற்கு முன்னால் சாப்பாட்டைச் சொல்கிறான். குற்றிய வரகரிசிச் சோறு, வேளைச் செடியின் வெள்ளைப் பூவை வெண்தயிரில் போட்டு ஆய்மகள் (ஆயர் பெண்) சமைத்த புளிப்பான கூழ், அதை வயிறார உண்ணும், அவரைக்காய் பறிக்கிறவர்கள். பட்டினி கிடப்பவன் வாயிலிருந்து இது வருகிறது! ஏன் என்று நான் விளக்கப்போவதில்லை. 8 பேர் இருக்கிறீர்கள், அன்றைய மதியத்துக்கு அதுவே போதும்.

சமையலும் சுலபம். 3 டம்ளர் வரகரிசியை அரைமணி நேரம் ஊறவையுங்கள், பாட்டை முதல் தடவை படிக்க அதுதான் நேரம். பிறகு 7 டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டுத் தயிர் சேர்த்துக்கொள்ளலாம். வேளை என்பது வெள்ளைப் பூ பூக்கும் நல்வேளை, வரப்பிலும் தரிசிலும் தானாக முளைப்பது. மஞ்சள் பூ பூப்பது நாய்வேளை, அது வேறு. செடியை நன்றாகத் தெரிந்தவர் பறித்துத் தந்தால் மட்டும் சேருங்கள். இல்லையென்றால் வேறு கீரை போட்டுக்கொள்ளுங்கள், சோழன் கோபித்துக்கொள்ளமாட்டான்.

இதே வேளைக் கீரை சிறுபாணாற்றுப்படை என்ற சங்க நூலிலும் வருகிறது. அங்கே வறுமையில் வாடும் கிணைமகள் (கிணைப்பறை கொட்டுபவர் வீட்டுப் பெண்) குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறர் பார்த்துவிடுவார்களே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறாள். வரகுச்சோறு வேகும்போது இதையும் படியுங்கள். ஆனால் இதைச் சமைக்காதீர்கள். ‘ஒரு வாய் உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்ப்போமே’ என்று உங்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அடுத்த அடுப்பில் தயிர்ச்சோறு காத்திருக்கும்போது பசியை ருசி பார்ப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இப்படி நாலைந்து கூட்டம் போனபிறகு நாவலுக்குத் திரும்பலாம். அப்போதும் முழு நாவலை வைக்காமல், சாப்பாடு வரும் ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். வீடும் மாறி மாறி இருக்கட்டும், எப்போதும் உங்கள் வீடே என்றால் பாத்திரம் தேய்ப்பதும் உங்கள் தலையில்தான் விழும்.

அசைவம் தாராளமாகச் செய்யலாம், சாப்பிடாதவர்களுக்கு வேறு ஒன்று இருந்தால் போதும். சிறுபாணாற்றுப்படையிலேயே உழவர் வீட்டில் கைக்குத்தல் அரிசிச் சோறும் நண்டும் கிடைக்கிறது. ஆனால் நண்டை உடைக்கத் தொடங்கியபின் யாரும் இலக்கியம் பேசமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் பேச்சை முழுக்க முடித்துவிட்டு இலையைப் போடுங்கள்.