ஒரு யூனிட் செம்மண் கொட்டுவதற்கு முன் டேப்பை எடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் வீடு. மாடி 600 சதுர அடி. மிளகாய், வெண்டைக்கு 12க்கு 12 அங்குல குரோ பேக் 20, தக்காளி, கத்தரிக்கு 15க்கு 15 பை 10, கீரைக்கு 24க்கு 12 பை 4 வாங்கிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடமும் சும்மா கிடக்கிறது, அதிலும் காய்கறி போட ஆசை. டிராக்டர்காரர் ஒரு யூனிட் செம்மண் கொட்டிவிடுகிறேன், எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும் என்கிறார். மண்புழு உரம் விற்பவர் பத்து மூட்டையாவது வேண்டும் என்கிறார். உண்மையில் எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: வணக்கம். இரண்டு பேருமே தங்கள் சரக்கைத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள், உங்கள் பையை யாரும் அளக்கவில்லை. முதலில் அதை அளந்துவிடுவோம்.

மண்ணைக் கிலோவில் யோசிக்காதீர்கள். ஈரம் ஏறினால் அதே மண் எடை கூடிவிடும், பைக்குள் அடைக்கும் இடம் மட்டும் மாறாது. அதனால் லிட்டரில் போடுங்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். உருண்டைப் பைக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785ஆல் பெருக்கி, பிறகு நிரப்பும் உயரத்தால் பெருக்கினால் கொள்ளளவு வந்துவிடும். எல்லாவற்றையும் அடியில் போட்டால் விடை கன அடியில் கிடைக்கும். பையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது, தண்ணீர் நிற்க மேலே இரண்டு அங்குலமாவது விட வேண்டும். அப்படிப் பார்த்தால் 12 அங்குலப் பைக்குப் பத்து அங்குல உயரம், அதாவது பதினெட்டரை லிட்டர். இருபது பைக்கு 370. பதினைந்து அங்குலப் பையில் 13 அங்குலம் நிரப்பினால் 37 லிட்டருக்குச் சற்று அதிகம், பத்துப் பைக்கு 376. கீரைக்கு எட்டு அங்குலம் தாராளம். அந்த அகலப் பை ஒன்றுக்கு 59 லிட்டர், நாலுக்கு 236 ஆகிறது. மொத்தம் ஆயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கன அடியில் சொன்னால் 35.

டிராக்டர்காரர் சொல்லும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. உங்கள் மாடி முழுக்க வேண்டிய கலவையே அதில் மூன்றில் ஒரு பங்குதான், மண்ணோடு தென்னை நார்க்கழிவும் உரமும் சேரும் அந்தக் கலவையிலும் மண் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தை என்ன செய்வீர்கள்? வாசலில் குவித்துவைத்து, மழை வந்ததும் தெருவெல்லாம் செம்மண் ஓடி, பக்கத்து வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

இதெல்லாம் பையில் போட்டிருக்கும் அளவு நிஜமாக இருந்தால்தான். 12க்கு 12 என்று விற்பதில் சிலது விரித்து வைத்தால் 12 அங்குல விட்டம் வரும், சிலது மடித்துத் தட்டையாக இருக்கும்போது 12 அங்குல அகலம். இரண்டும் ஒன்றல்ல. பையைப் பிரித்து வாயைச் சுற்றி டேப் பிடியுங்கள். 37, 38 அங்குலம் வந்தால் கவலையில்லை. 24 அங்குலம்தான் வருகிறதென்றால் விட்டம் எட்டு அங்குலம்கூட இல்லை, ஏழரை லிட்டர்தான் கொள்ளும். அதில் மிளகாய் ஏதோ தாக்குப்பிடிக்கும், வெண்டை வைத்தால் வேர் சீக்கிரமே சுற்றிக்கொள்ளும். கணக்குப் போடச் சலிப்பாக இருந்தால் வீட்டில் கிடக்கும் 20 லிட்டர் பெயின்ட் வாளியால் மணலையோ மண்ணையோ அளந்து ஒரு பையில் கொட்டிப் பாருங்கள், அதற்கு மேல் சரியான அளவு வேறில்லை.

சரி, ஆயிரம் லிட்டர் வேண்டுமென்றால் ஆயிரம் லிட்டர் வாங்கினால் போதுமா? போதாது. ஒரு படி நெல்லில் ஒரு படி கேழ்வரகைக் கொட்டினால் இரண்டு படி வராது, சந்துகளில் இறங்கிவிடும் இல்லையா, அதேதான் இங்கேயும். அப்புறம் இரண்டு மூன்று தண்ணீர் ஊற்றியதும் இன்னும் கொஞ்சம் அமுங்கும். இதற்கெல்லாம் சேர்த்து 1,200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண், நார்க்கழிவு, உரம் மூன்றும் சம பங்கு என்றால் ஒவ்வொன்றும் 400 லிட்டர்.

செம்மண்: 50 கிலோ சிமென்ட் வந்த சாக்கில் ஏறக்குறைய 35 லிட்டர் பிடிக்கும், வாயைக் கட்ட இடம் விட்டால் பன்னிரண்டு சாக்கு ஆகும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கட்டட அடித்தளம் நிரப்பப் போடும் கிராவலையும் செம்மண் என்று சொல்லித்தான் தள்ளிவிடுகிறார்கள். சிவப்பாக இருக்கும், ஆனால் கையில் எடுத்தால் சரளையாக உருளும், உயிரே இருக்காது. வயல் மேல்மண் கேளுங்கள், அதிலும் கோரைக் கிழங்கு இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். கருப்பாக, சின்னச் சுண்டைக்காய் அளவில் வேரோடு கோத்துக்கொண்டு கிடக்கும். அது ஒரு பையில் ஏறிவிட்டால் அந்தப் பையைக் கொட்டிச் சலிக்காமல் ஒழிக்க முடியாது.

நார்க்கழிவு: 5 கிலோ கட்டி ஊறினால் 65 முதல் 70 லிட்டர் வரும், ஆறு கட்டி போதும். ஊறிய பிறகுதான் அளக்க வேண்டும், உதிர்க்காமல் பையில் போட்டுவிட்டு அங்கேயே ஊறட்டும் என்று விடாதீர்கள். முதலில் ஊறவைத்த தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இருக்கும், அதை வடித்துவிட்டு இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். உப்பு போகும்.

உரம் 400 லிட்டர். மண்புழு உரம் லிட்டருக்குச் சுமார் 600 கிராம் இருக்கும், முழுக்க அதுவே போட்டாலும் 240 கிலோ, ஐந்து மூட்டை. பத்து மூட்டைக்கு வேலையே இல்லை. என்னைக் கேட்டால் ஐந்துகூட வேண்டாம். பாதிக்கு நன்றாக மக்கிய மாட்டுக் குப்பையைப் போடுங்கள், செலவு பெரிதும் குறையும். மண்புழு உரம் வாங்கும்போது மூட்டையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடித்து, விரல் பட்டதும் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் உரத்தின் விலைக்குத் தண்ணீர் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். மாட்டுக் குப்பைக்கு வேறு சோதனை: குவியலின் நடுவில் ஒரு கம்பியைச் சொருகிக் கொஞ்ச நேரம் கழித்து உருவித் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னும் மக்கவில்லை. சாண வாடை அடித்தாலும் அப்படித்தான். பச்சைக் குப்பையைப் பையில் போட்டால் வேர் வெந்துபோகும், கூடவே வேர்ப்புழுவும் வந்து சேரும்.

மாடி என்பதால் எடையையும் பார்த்துவிடுங்கள். ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் கட்டளை வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ. நனைந்த கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், ஆகவே உங்கள் 15 அங்குலப் பை ஒவ்வொன்றும் 40 கிலோ. மொத்தத்தை 600 சதுர அடியில் பரப்பினால் ஒன்றுமே இல்லை. ஆனால் பத்துப் பையையும் ஒன்றோடொன்று ஒட்டி நடு மாடியில் நிறுத்தினால் அந்த இடத்தில் சதுர அடிக்கு 26 கிலோ ஏறுகிறது. அதனால் பெரிய பைகளைச் சுவரோரமாக, கீழே பீம் ஓடும் வரிசையில் இடைவெளி விட்டு வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேடு பக்கம் போகவே வேண்டாம். வெறும் செம்மண்ணாக நிரப்பச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்டால் இந்த எடையெல்லாம் இன்னும் பாதி கூடும்.

இனி பின்னால் இருக்கும் ஒரு சென்ட். இங்கே கணக்கே வேறு. அங்கே ஏற்கெனவே மண் இருக்கிறது, புதிதாக எதற்குக் கொட்டுவது? ஒரு அடி ஆழத்துக்குக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் இறங்கிவிட்டால் மண் வாங்க வேண்டாம். மறுநாளும் நிற்கிறதென்றாலோ, வெட்டும்போது செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியுமாக வந்தாலோதான் மேட்டுப் பாத்தி தேவை. அப்போதும் முழு சென்ட்டையும் உயர்த்தாதீர்கள். 435 சதுர அடியை அரை அடி உயர்த்த 218 கன அடி, இரண்டு யூனிட்டுக்கு மேல் போய்விடும். நடைபாதையை விட்டுப் பாத்தியை மட்டும் உயர்த்தினால் ஒரு யூனிட்டில் முடியும். டிராக்டர்காரருக்கு வேலை கொடுப்பதென்றால் அந்த ஒரு இடத்துக்குத்தான்.

எருவைப் பொறுத்தவரை, காய்கறிக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 25 டன் தொழுஉரம். சென்ட்டுக்குக் கொண்டுவந்தால் 100 கிலோ, அவ்வளவுதான். ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பச் சொல்லி யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள், அது ஆயிரம் லிட்டர், 600 கிலோ, சிபாரிசைப் போல ஆறு மடங்கு. கத்தரி இலையும் தழையுமாகக் கொழுக்கும், காய் பிடிக்காது. உங்களுக்கு வேளாண் கல்லூரியே ஒத்தக்கடையில் இருக்கிறது, நடுவதற்கு முன் அரைக் கிலோ மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக்கு எங்கே கொடுப்பது என்று கேளுங்கள்.

மாடிப் பைகளில் ஒரு போகம் முடிந்ததும் கலவை இரண்டு அங்குலமாவது இறங்கியிருக்கும். அதற்குப் புது மண் வேண்டாம், உரம் மட்டும் போட்டுக் கிளறினால் போதும். 12 அங்குலப் பைக்கு நாலு லிட்டர், 15க்கு ஆறு, கீரைப் பைக்கு பதினைந்து. எல்லாம் சேர்ந்து 200 லிட்டர். இப்போதே ஒரு மூடி போட்ட டிரம்மில் காய்கறிக் கழிவையும் காய்ந்த சருகையும் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தால் அதில் பாதியை அடுத்த போகத்துக்குள் நீங்களே தேற்றிவிடலாம்.