'வண்டி சறுக்கி விழுந்தார்' என்று சொன்னது யார்?

கேள்வி: என் கணவருக்கு 37 வயது. காசிமேட்டில் லோடுமேன். போன வருடம் வேலை முடிந்து ராத்திரி எண்ணூர் விரைவு சாலையில் பைக்கில் வரும்போது கண்டெய்னர் டிரெய்லர் இடித்துவிட்டது. ஸ்டான்லியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். லாரி முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவர் ஜாமீனில் வந்து பழையபடி வண்டி ஓட்டுகிறான். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர் வக்கீல் பிடித்துக் கொடுத்தார். ஒன்றரைக் கோடி கேட்டு நாலாவது மாதமே மனு போட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்தில் 16 லட்சம் தருவதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் காபி கொட்டியதற்கே கோடிக்கணக்கில் கொடுத்தார்களாமே, எங்களுக்குக் கிடைக்காதா? அன்று பயத்தில் என் கொழுந்தனார் டாக்டரிடம் 'வண்டி சறுக்கி விழுந்துட்டார்' என்று சொல்லிவிட்டார். போலீஸில் 9 நாள் கழித்துத்தான் புகார் கொடுத்தோம். இதனால் ஏதாவது பிரச்சினை வருமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். அதில் மூன்றரைப் பக்கம் லாரி முதலாளியின் திமிரும் டிரைவரின் அலட்சியமும்தான். கோபம் நியாயமானது. ஆனால் விபத்து இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அதில் ஒரு வரிகூடத் தேவையில்லை. பணம் தரப்போவது முதலாளி அல்ல, இன்சூரன்ஸ் கம்பெனி. அவர் வந்து பார்த்தாரா, மன்னிப்புக் கேட்டாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கொழுந்தனார் டாக்டரிடம் சொன்னது, அதுதான் உங்கள் வழக்கு.

அன்றிரவு டூட்டி டாக்டர் கேட்டு எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏ.ஆர். காப்பி, இந்நேரம் கம்பெனி வக்கீல் கையில் இருக்கும். அதில் லாரி என்ற சொல்லே இருக்காது. லாரி இல்லாமல் உங்களுக்கு எந்தப் பணமும் இல்லை. டிரைவரின் கவனக்குறைவைக் காட்டி முழு இழப்பீடு கேட்கும் மோட்டார் வாகனச் சட்டம் 166வது பிரிவுக்கு லாரி வேண்டும். தவறு யாருடையது என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் 164வது பிரிவுக்கும் லாரி வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாதபோது அரசுத் திட்டத்தில் கிடைப்பது 50,000 ரூபாய்தான். அதற்குக்கூட ஏதோ ஒரு வண்டி இடித்திருக்க வேண்டும். தானாகச் சறுக்கி விழுந்தவருக்கு அதுவும் கிடையாது.

புகார் தாமதமானது ஒன்றே வழக்கைக் கொன்றுவிடாது. உயிருக்குப் போராடுகிறவரை விட்டுவிட்டு யாரும் முதலில் ஸ்டேஷனுக்கு ஓட மாட்டார்கள் என்பதை உச்ச நீதிமன்றம் 2011லேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவும் வேண்டாம். இப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும். ஆறு மாதக் கெடுவுக்குள் மனு போட்டுவிட்டதால் அந்தத் தலைவலியும் இல்லை.

ஆனால் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. இப்படி ஒரு ஓட்டை தெரிந்ததும், ஆஸ்பத்திரியில் பழக்கமான அந்த மாதிரி ஆள் அடுத்து சொல்வது என்ன தெரியுமா? "கவலைப்படாதீங்கக்கா, ஒரு ஐ-விட்னஸ் போட்டுக்கலாம்." டோல்கேட் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் யாரோ ஒருவர் கூண்டில் ஏறுவார். லாரி நம்பரை மனப்பாடமாக ஒப்பிப்பார். கம்பெனி வக்கீல் கத்தவெல்லாம் மாட்டார், நிதானமாகக் கேட்பார். ராத்திரி எத்தனை மணிக்குக் கடை சாத்துவீர்கள்? கடைக்கும் சம்பவ இடத்துக்கும் எவ்வளவு தூரம்? டிரெய்லரின் பின் நம்பர் பிளேட்டைப் பார்த்தீர்களா, முன் நம்பரையா? காயம்பட்டவரை ஆட்டோவில் ஏற்றியது யார்? நம்பர் தெரிந்தும் 9 நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? மூன்றாவது கேள்வியிலேயே சாட்சி தண்ணீர் கேட்பார். அப்புறம் உண்மையாகவே அந்த லாரிதான் இடித்திருந்தாலும் உங்களை நம்ப ஆளிருக்காது. கால் போனது நிஜம், லாரி நிஜம், இடையில் செருகிய ஒரு பொய்யால் மனு தள்ளுபடி. இந்த வழக்குகள் நடக்கும் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் இதை நிறையப் பார்த்தாகிவிட்டது. போலி விபத்து மனுக்களைத் தோண்ட உத்தரப் பிரதேசத்தில் சிறப்புப் புலனாய்வுக் குழுவே போட்டார்கள். அதற்குப் பிறகு கம்பெனிகள் எல்லாத் தாமதப் புகாரையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கின்றன.

கூண்டில் ஏற வேண்டியவர் உங்கள் கொழுந்தனார். பயந்து சொன்னேன், என்ன பயம் என்றால் இது, லாரி என்று எப்போது யார் மூலம் தெரிந்தது, இவ்வளவையும் உள்ளது உள்ளபடி சொல்லட்டும். அண்ணனின் லைசென்ஸ் காலாவதியாகியிருந்ததால் மறைத்தார் என்றால் அதையும் சொல்லட்டும். லைசென்ஸ் இல்லாதது தனிக் குற்றம். ஆனால் இடித்தது யார் என்பதை அது மாற்றாது. கூடவே காகிதமாக ஏதாவது வேண்டும். அந்த டிரெய்லர் அன்றிரவு ஜீரோ கேட்டில் துறைமுகத்துக்குள் போன நேரம், வந்த நேரம் கேட் பதிவில் இருக்கும். ஃபாஸ்டேக் கணக்கும் இருக்கும். இவற்றை வரவழைக்க உங்கள் வக்கீல் மனு போட்டாரா என்று கேளுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் லாரியில் சேதம் குறிக்கப்பட்டிருக்கிறதா, டிரைவர் மேல் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா என்பதையும் கேளுங்கள். நான்குக்கும் அவர் விழித்தால் உங்கள் பேரம் பலவீனமானது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, தொகைக்கு வருவோம். ஒன்றரைக் கோடி என்பது மனுவின் முதல் பக்கத்தில் எழுதிய எண், அவ்வளவுதான். அதைப் பார்த்து யாரும் தொகை நிர்ணயிப்பதில்லை. கேட்டதைவிட அதிகமாகக்கூட தீர்ப்பாயம் கொடுக்கலாம். மாதம் 15,000 சம்பாதித்ததாக ஏற்றுக்கொண்டால், 40 வயதுக்குக் கீழே என்பதால் எதிர்கால உயர்வு 40 சதவீதம் சேர்த்து 21,000. வருடத்துக்கு 2,52,000. வருட வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாக ஒரு எண் உண்டு, 37 வயதுக்கு அது 15. ஆக 37,80,000. மூட்டை தூக்குகிறவருக்குக் கால் போனால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவரைவிட இழப்பு அதிகம் என்பது சட்டமும் ஒப்புக்கொண்ட விஷயம். சம்பாதிக்கும் திறனில் 70 சதவீதம் போனது என்று வைத்தால் 26,46,000. செயற்கைக் கால், வலி, வேதனை எல்லாம் சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டலாம். எல்லாமே சரியாகப் போனால். மாதச் சம்பளம் 35,000 என்று சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று அந்த ஆள் சொன்னால் அதையும் வாங்காதீர்கள். டீக்கடைக்காரருக்கு நடந்ததுதான் அந்தச் சான்றிதழ் கொடுத்த முதலாளிக்கும் கூண்டில் நடக்கும்.

அமெரிக்கக் காபி வழக்கைக் கேட்டீர்கள். 1994ல் ஜூரி சொன்னது கிட்டத்தட்ட 29 லட்சம் டாலர். நீதிபதி அதை 6,40,000 ஆக வெட்டினார். அதற்குப் பிறகு இரு தரப்பும் வெளியே சமாதானமாகிவிட்டார்கள், கைக்கு வந்த தொகை வெளியே வரவில்லை. அங்கே சட்ட நிறுவனங்கள் வென்ற தொகையைப் பட்டியல் போட்டு விளம்பரம் செய்யும். பட்டியலில் வருவது பெரும்பாலும் முதல் எண்தான். நம் ஊரில் பெரிய தொகை வராமல் இல்லை. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டுப் பார்வை போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 1.8 கோடி கொடுத்தது. குழந்தை பிறந்தது 1996. அந்தத் தீர்ப்பு வந்தது 2015. மருத்துவமனைப் பதிவேடுகள் அந்தக் குடும்பத்துக்கு எதிராக இல்லை, சாதகமாக இருந்தன. உங்கள் பதிவேடு உங்களுக்கு எதிராகப் பேசுகிறது.

அதனால் என் ஆலோசனை, சமாதானமாகப் போங்கள். 16க்கு அல்ல. கம்பெனி இந்த ஏ.ஆர். காப்பியை வைத்துக்கொண்டும் 16 லட்சம் பேசுகிறது என்றால், லாரி இடித்தது அவர்களுக்கும் தெரிகிறது. 24ல் ஆரம்பித்து 20, 21க்கு வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். வழக்கை நடத்தி ஜெயித்தாலும் அவர்கள் உயர் நீதிமன்றம் போவார்கள். ஏழரை சதவீத வட்டி ஓடும், ஆனால் செயற்கைக் காலுக்குப் பணம் இப்போதே வேண்டுமல்லவா? லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. அதனால் தொகை, எத்தனை நாளில் கட்டுவார்கள், தவறினால் வட்டி எவ்வளவு என்று மூன்றையும் தீர்வுப் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று வீட்டில் படிக்கத் தெரிந்த யாரையாவது வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

30 சதவீதம் தருவதாக அந்த ஆளிடம் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது, இடைத்தரகருக்கு எங்கிருந்து வந்தது உரிமை? உங்கள் வக்கீலுக்கு நியாயமான ஃபீஸை ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். பணம் உங்கள் கணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே நேராக வர வேண்டும். பாஸ்புக், செக் புக் எதையும் 'சும்மா ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தரேன்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.