தெருக்கூத்தை வீடியோ எடுத்து வைத்தால் போதுமா?

"உள்ளூர் ஆட்டக்கலைகளை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டால் அவை பிழைத்துக்கொள்ளுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது தெருக்கூத்து மட்டும்தான். அதை வைத்துச் சொல்கிறேன்.

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் என்கிற மகாபாரதத் திருவிழா வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் துரியோதனன் சாகிற படுகளம், தீமிதி. நான்கு வருடங்களுக்கு முன் கர்ண மோட்சம் நடந்த இரவை முழுதாகச் செல்போனில் எடுக்க உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கே மெமரி நிரம்பிவிட்டது. கர்ணன் சாவதற்குள் என் போன் செத்துவிட்டது. சரி, அது போகட்டும்.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்குக் கூத்து கற்க ஆசை. வாத்தியாரிடம் அழைத்துப் போனபோது என் வீடியோவையும் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர், "கிரீடத்த நல்லா புடிச்சிருக்க தம்பி. கால் எங்க?" என்றார்.

கூத்தில் வேஷம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னாலிருந்து பாட்டு வரும், திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். அந்தக் காலைப் பார்த்தே வருவது துரியோதனனா தருமனா என்று எங்கள் ஆயா சொல்லிவிடும். நானோ முகம் எப்போது தெரியும் என்று போனை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறேன். கண்ணாடிச் சில்லு ஒட்டிய கிரீடம் அந்த வெளிச்சத்தில் மின்னினால் வேறு எங்கே கண் போகும்?

சிதம்பரம் கோபுர வாசல்களில் 108 கரணங்கள், அதாவது ஆடல் அசைவுகள், கல்லில் இருக்கின்றன. கிழக்கிலும் மேற்கிலும் நாட்டிய சாஸ்திரச் சுலோகத்தோடு. ஆனால் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு உடம்பு எப்படிப் போகிறது என்பது கல்லில் இல்லை. அதை மீட்க நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் பெரிய ஆராய்ச்சியே செய்ய வேண்டியிருந்தது. என் வீடியோவும் அந்தக் கல் மாதிரிதான்.

இப்போது ஸ்டாண்ட் போட்டு, தலை முதல் கால் வரை தெரிய, வெட்டாமல் எடுக்கிறோம். அதைவிட உபயோகமானது, பகலில் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி, வாயால் அடியைச் சொல்லிக்கொண்டே மிருதங்கத்தோடு மெதுவாக ஆடிக் காட்டுவது. அரிதாரம் கிடையாது, பார்க்க ஒன்றும் இருக்காது, ஏற்றினால் நூறு பேர் பார்த்தால் அதிகம். பையன் மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறான்.

ரீல்ஸைக் குறை சொல்ல மாட்டேன். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் நக்கலை ஒரு நிமிடம் போட்டதில் வெளியூரிலிருந்து கூத்து பேச வெற்றிலை பாக்கோடு ஆள் வந்தது. லைக் எவ்வளவு விழுந்தாலும் அந்தத் தாம்பூலம் வந்தால்தான் ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, சோறு.

பையனுக்கு இந்தச் சித்திரையில் திரை பிடிக்கும் வேலைதான். அபிமன்யு வேஷத்தை அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார் வாத்தியார்.