வாசகர் கேள்வி: முந்திரிகையும் சங்கமும்

கேள்வி: எங்கள் முந்திரிகை (திராட்சை)த் தோட்டத்தில் ஆண்களுக்கு ஒரு கூலி, பெண்களுக்கு ஒரு கூலி. கேட்டால், ‘பெண்கள் சங்கம் வைத்து என்னத்தைக் கிழித்தார்கள்?’ என்கிறார் தோட்டக்காரர். – ஒரு வாசகி, உரும்பிராய்

பதில்: முந்திரிகையிலேயே பதில் இருக்கிறது, தங்கச்சி. கலிபோர்னியாவில் 1962இல் சீசர் சாவேஸுடன் சேர்ந்து பண்ணைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியவர் டொலோரஸ் ஹுவெர்ட்டா. முன்பு ஆசிரியை, வகுப்புக்குப் பசியோடு வந்த தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்து வேலையை விட்டவர். அவர் வளர்த்தது 11 பிள்ளைகள். (‘பிள்ளைகுட்டிக்காரிக்கு எங்கே நேரம்?’ என்று அடுத்துக் கேட்பார், பாருங்கள்.)

1965இல் கலிபோர்னியாவின் டிலானோ முந்திரிகைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் முதலில் வேலையை நிறுத்தினார்கள், ஹுவெர்ட்டாவின் சங்கத்தாரும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாக அமெரிக்கா எங்கும் சனங்கள் முந்திரிகை வாங்க மறுத்தார்கள். 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்துக்கு இறங்கியபோது பேச்சுவார்த்தையை முன்னின்று நடத்தியவர் ஹுவெர்ட்டா. 1988இல் சான் பிரான்சிஸ்கோ ஆர்ப்பாட்டத்தில் பொலிஸ் அடித்து அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. தேறியதும், பெண்களைத் தேர்தலில் நிற்கச் சொல்லி ஊர் ஊராகப் போனார். சங்கத்து ஆண்களின் நையாண்டியையும் அவர் சும்மா விடவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நீங்கள் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். யாருக்கு எவ்வளவு கூலி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எல்லோருமாக, குலை வெட்டும் வாரத்தில் கேளுங்கள்.