ஒரு சுருட்டு நேரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் கன்னி என்கிற நாட்டு வேட்டை இனத்தில் இரண்டு நாய்கள் இருக்கின்றன. பெரியது நான்கு வயதுப் பெட்டை, சின்னது எட்டு மாதக் குட்டி. மாமாவும் நானும் மாதத்துக்கு ஒருதரமோ இரண்டுதரமோ முயலுக்குப் போவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் கிடையாது. இடைப்பட்ட நாட்களில் நாய் உடம்பு போட்டுவிடுகிறது. சங்கிலியைக் கடிக்கிறது, ராத்திரி ஊளையிடுகிறது. அதனால் தினமும் காலையில் பைக்கில் கட்டி ஆறு கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அதற்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. பைக் சாவியை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். ட்ரெட்மில் ஒன்று வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். பச்சைக்கறி போட்டால் வேகம் கூடும் என்கிறார்களே, உண்மையா? நம் நாட்டு நாய்களில் சுத்த ரத்தம் இன்னும் மிச்சம் இருக்கிறதா? கடைசியாக ஒன்று. வேட்டைநாய்க்கு வேட்டைதானே அண்ணாச்சி தர்மம்?

அன்புடன்,
சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

முயல் சமாச்சாரத்தை உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருப்பதால் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். சங்கரன்கோவில் என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். 2019-லிருந்து அது தென்காசி மாவட்டமாம். எனக்கு இன்னும் திருநெல்வேலிச் சீமைதான்.

முயலை முதலில் முடித்துவிடுகிறேன். 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். கொன்றால்தான் வேட்டை என்றில்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது எல்லாம் அதில் அடக்கம். ஃபாரஸ்ட்காரர் வந்து நின்றால் மாமா 'சும்மா நாயை நடத்திக் கூட்டிட்டு வந்தோம்' என்பார். பக்கத்தில் முயலைக் காதோடு பிடித்துக்கொண்டு நிற்கிற நீங்கள் என்ன சொல்வீர்கள்? தர்மம் என்று பெரிய வார்த்தையெல்லாம் எடுக்க வேண்டாம். கறிக்கு ஆசைப்பட்டுப் போகிறீர்கள், அதைத் தூக்கி நாயின் தலையில் கட்டாதீர்கள். போவதை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டால் 'இடைப்பட்ட நாள்' என்று ஒன்று கிடையாது. எல்லா நாளும் அந்த நாள்தான். ஆகவே உங்கள் கேள்வி இன்னும் பெரிசாகிறது.

சுத்த ரத்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2005-ல் தபால்துறை நாய்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் இருந்தது, முதோல் இருந்தது, கன்னி இல்லை. உங்கள் பெட்டை அதற்காக ஒருவேளைக் கஞ்சியை வேண்டாம் என்று தள்ளியிருக்காது. ரத்தத்தை விடுங்கள். பச்சைக்கறியையும் விடுங்கள். எங்கள் ஊர் நாய்கள் கம்பங்கூழும் மோரும் குடித்து, கருவாட்டுத் தலையைத் தின்றுதான் முயலை மடக்கின. சந்தேகம் இருந்தால் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தச் சாவி வரிக்காகத்தான்.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கங்கைகொண்டானுக்குக் கொஞ்சம் முன்னால், சர்வீஸ் ரோட்டில் ஒரு பையன் பைக்கில் போகிறான். பின்னால் பிடிக்கம்பியில் கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு செவலை நாய். மணி ஒன்பதரை இருக்கும். பஸ் அவனைத் தாண்டுகிற அந்த நாலைந்து வினாடி நான் நாயின் வாயை மட்டும் பார்த்தேன். நாக்கு நுனி அகன்று கரண்டி மாதிரி ஆகியிருந்தது. பையன் திரும்பிப் பார்க்கவே இல்லை. செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து இது மனதில் கிடந்து உருண்டுகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் உங்கள் கடிதம்.

எனக்கு அப்போது பதினாறு வயது. கழுகுமலைக்குத் தெற்கே தாத்தாவின் ஊர், முழுக்கக் கரிசல். அவர் வளர்த்த கன்னிக்கு மைனா என்று பெயர். கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. நெஞ்சுக்கூடு கீழே இறங்கி, வயிறு முதுகோடு போய் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஆச்சி 'சோறு போடாத வீட்டு நாய்னு ஊர்ல பேசுதாவ' என்று தினமும் புலம்புவாள். தாத்தா முயலுக்குப் போவதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. சட்டமெல்லாம் அவருக்குத் தெரியாது, முட்டிவலி.

கண் தெரியத் தொடங்குகிற நேரத்துக்கு அவர் மைனாவைக் கூட்டிக்கொண்டு வடக்குக் காட்டுக்குப் போவார். பருத்திமார் பிடுங்கின தரிசு. வரப்பில் உட்கார்ந்து, கயிற்றைக் கழற்றிவிட்டு, ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். மைனா முதலில் அவசரப்படாது. கொஞ்ச தூரம் நடக்கும், மண்ணை மோந்து பார்க்கும், ஒன்றுக்குப் போகும். பிறகு எங்கேயோ ஒரு காடை எழும்பும், இல்லையென்றால் காற்றில் ஒரு சருகு உருளும். அதைக் கண்டதும் எடுக்கிற ஓட்டத்தைச் சொல்லி முடியாது. முதுகு வில்லாக வளைந்து நாலு காலும் வயிற்றுக்கு அடியில் சேரும்போது தரையில் ஒரு காலும் இருக்காது. விரிந்து நீளும்போதும் இருக்காது. ஒரே பாய்ச்சலில் இரண்டுதரம் அந்தரத்தில் நிற்கிற ஓட்டம் அது. இரண்டு வட்டம், மிஞ்சினால் மூன்று. அப்புறம் தானாகவே ஒரு உடைமரத்தடியில் போய் ஈர மண்ணில் நெஞ்சைக் கொடுத்துப் படுத்துக்கொள்ளும். தாத்தா கூப்பிடவே மாட்டார். சுருட்டு தீர்வதற்கும் அது எழுந்து வந்து அவர் பக்கத்தில் நிற்பதற்கும் சரியாக இருக்கும். இதுதான் அந்த நாய்க்கு ஒரு நாளைய பயிற்சி.

சித்திரை லீவில் அப்பா எனக்கு சைக்கிள் வாங்கித் தந்தார். மறுநாளே, பத்து மணி வெயிலில், மைனாவை கேரியரில் கட்டிக்கொண்டு கோவில்பட்டி ரோட்டில் கிளம்பினேன். கன்னி நாய் பக்கத்தில் ஓடிவர சைக்கிளில் போகிறவனை எதிரே வருகிறவர்கள் பார்ப்பார்கள், இல்லையா? அந்தப் பார்வைக்காகத்தான் போனேன். போகும்போது சக்கரத்துக்குச் சமமாக வந்தது. திரும்பும்போது கயிறு விறைத்தது. சோம்பல்படுகிறது என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன். ஊர் எல்லைப் பனைக்குப் பக்கத்தில் பின்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. நாக்கு நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது. வாயோரத்தில் எச்சில் பசையாக நூல் நூலாகத் தொங்கியது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி தாத்தா வந்தார். முட்டிவலிக்காரர் ஓடிவந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார். 'கோட்டிக்காரப் பயலே, மூச்சுக்குழல்ல போயிரும்ல.' நிழலுக்கு இழுத்துப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீரை அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றச் சொன்னார். பக்கத்து வீட்டு முறத்தை வாங்கி விசிறிக்கொண்டே இருந்தார். பாதத்தை அப்போதுதான் திருப்பிப் பார்த்தோம். ரோட்டுச் சூட்டில் நாலும் வெந்திருந்தன. ஒன்றில் தோல், வேகவைத்த பனங்கிழங்குத் தோல் மாதிரி சுருண்டு தொங்கியது.

'அது ஏன் தாத்தா நிக்கல?' என்று கேட்டேன். அழுதுகொண்டேதான்.

'நீ நிக்கல, அதனால அதுவும் நிக்கல. அம்புட்டுத்தான்' என்றார்.

மைனா பிழைத்துவிட்டது. அதைவிட எனக்கு மறக்காதது வேறொன்று. ஐந்தாறு நாள் கழித்து, காலில் வேப்பெண்ணெய் போட்டுத் துணி சுற்றியிருந்த சமயம், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். தொழுவத்தில் படுத்திருந்த மைனா அந்தக் காலோடு எழுந்து, நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. நான் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிடவில்லை, அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். மணியை மட்டும் கழற்றிவிட்டேன்.

இப்போது புரிகிறதா, சாவியை எடுத்தால் வாலாட்டுகிறது என்று நீ எழுதியது எனக்கு எங்கே குத்தியது என்று? ('நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. கோபத்தில் எனக்கு மரியாதை நிற்காது, பொறுத்துக்கொள்.) வாலாட்டுவதற்கு அர்த்தம் உன்னோடு வரச் சம்மதம் என்பது. ஆறு கிலோமீட்டருக்குச் சம்மதம் என்று அது எப்போது சொன்னது? அதற்குக் கிலோமீட்டர் தெரியுமா?

கிரேஹவுண்ட் என்கிற வெளிநாட்டுப் பந்தய நாய் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அதைப் பந்தயத்தில் எவ்வளவு தூரம் ஓட விடுகிறார்கள்? பெரும்பாலும் 500 மீட்டரை ஒட்டித்தான். அரை நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. கன்னியும், நம் பக்கத்து இன்னொரு வேட்டை இனமான சிப்பிப்பாறையும் அதே வார்ப்பு. கண்ணால் பார்த்து, ஒரே மூச்சில் பாய்ந்து, கிடைத்தால் கிடைத்தது, போனால் போனது என்று படுத்துவிடுகிற பிராணி. நீ முயலுக்குப் போகிற அன்றைக்குக் கவனித்திருப்பாயே, எந்த நாயாவது ஆறு கிலோமீட்டர் நிற்காமல் துரத்தியிருக்கிறதா? சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நடுச்சாமத்தில் வேட்டைக்குப் போகிற சாமிகூடத் திரும்பி வந்து பீடத்தடியில் உட்கார்ந்துவிடும். பைக் உட்காராது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதன் உடம்புச் சூடு சாதாரணமாக 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடையில் இருப்பது இரண்டு டிகிரி. காலை நேரம்தானே என்று சொல்வாய். மழை பெய்து விட்ட மறுநாள் புழுக்கத்தில் இரைப்பும் பாதிதான் வேலை செய்யும்.

ட்ரெட்மில் விஷயமும் இதேதான். கயிற்றுக்குப் பதில் கரண்டு. நிறுத்துகிற பொத்தான் உன் கையில். எந்த ஓட்டத்தை நாய் தானாக நிறுத்த முடியாதோ அந்த ஓட்டம் அதற்கு வேண்டாம். எட்டு மாதக் குட்டியையும் பைக்கில் கட்டுகிறாயா என்று கடிதத்தில் இல்லை. கட்டாதே. அதன் எலும்பு நுனியெல்லாம் இன்னும் குருத்து. முற்ற ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அது விளையாடுகிற விளையாட்டே போதும்.

நீ கேட்டதற்கும் ஏதாவது சொல்ல வேண்டும். சூரியன் ஏறுவதற்கு முன்னால், வெறும் வயிற்றில், கயிற்றில் பிடித்து முக்கால் மணி நேரம் நீயும் நட. உனக்கும் தொப்பை இருக்கும், பைக்கில் போகிறவனுக்கு இல்லாமல் எப்படி? பிறகு சுற்றுச்சுவரோ முள்வேலியோ போட்ட தோப்பில் அவிழ்த்துவிடு. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் நிட்சேப நதி வறண்டு மணலாகக் கிடக்கிற மாதங்களில் ஆற்றுமணல் ரொம்ப நல்லது, காலைச் சுடாது, மூட்டை இடிக்காது. ஆடு, மயில் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவிழ். துரத்த ஏதாவது வேண்டும் என்றால் ஆள் உயர மூங்கில் கம்பு, எட்டடிக் கயிறு, நுனியில் கிழிந்த சாக்குத் துண்டு. தரையோடு தரையாக இழுத்து வட்டம் சுற்று. நாலைந்து பாய்ச்சல் போதும், கடைசியில் அது பிடிக்கும்படி விட்டுக்கொடு. ஒருதரம்கூடப் பிடிக்கவிடாமல் ஏய்த்தால் மூன்றாம் நாள் அது உன்னையும் சாக்கையும் திரும்பிப் பார்க்காது. அது போய்ப் படுத்ததும் கம்பைக் கீழே போடு, 'இன்னும் ஒரு ரவுண்டு' கிடையாது. இரைப்பு முழுசாக அடங்கினபிறகு கஞ்சி வை. நெஞ்சுக்கூடு இறங்கின நாய் வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொண்டு சாகும், பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ளும், வெளியே விட முடியாது. அப்போது கருவாட்டுத் துண்டுகளை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்துத் தேடவிடு. கால்மணி நேரம் தேடினாலே அன்றைக்குத் தூங்கிவிடும். ஊளைக்கு எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. நாயை எங்கே கட்டியிருக்கிறாய்? தொழுவத்தில், சுவரைப் பார்த்துத்தானே? கண்ணால் வேட்டையாடுகிற பிராணிக்கு முன்னால் சுவரை வைத்தால் அது ஊளையிடாமல் வேறென்ன செய்யும். தெரு தெரிகிற இடத்தில், முடிந்தால் காடு தெரிகிற இடத்தில் மாற்றிக் கட்டு. பகலில் பாதி நேரமாவது கட்டாமல் விடு.

கடிதம் எழுத ஆரம்பித்தபோது இவ்வளவு திட்ட நினைக்கவில்லை. நாய்க்காக உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுகிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான், எனக்குத் தெரியும். நாளைக் காலை சாவியைத் தொடாதே. பெரியதைப் பக்கத்தில் கூப்பிட்டு, முன்னங்கால் பாதம் இரண்டையும் திருப்பி வெளிச்சத்தில் பார். நடு மெத்தையின் ஓரம் எப்படி இருக்கிறது, கீறல் இருக்கிறதா, வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, தொட்டால் காலை இழுக்கிறதா. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணாச்சி